கிறிஸ்டினாவின் ஓலைக்கு நான் சொன்ன தடை

ராயபுரம்,
சனிக்கிழமை சாயங்காலம்.

கடல் தாண்டிப் போர்ட் பிளேரில் குடியிருந்தாலும் எங்கள் தெருவில் நடப்பதை எனக்கு முன்பே தெரிந்துகொள்ளும் என் அன்பு அக்கா ஞானத்துக்கு, தம்பி அம்புரோஸ் இயேசுவுக்குப் புகழ் சொல்லி எழுதுவது. ஆண்டவர் அருளால் இங்கு நானும் என் சம்சாரம் சில்வியாவும் மகள் கிறிஸ்டினாவும் சுகம். சுகம் என்றது உடம்பை மட்டும். உன் சுகத்துக்கும் மாமாவின் முழங்காலுக்கும் தினமும் மாதாவை மன்றாடிக்கொள்கிறேன்.

நேற்று நீ போன் செய்து, "பொண்ணோட ஓலைய நிறுத்துனது வெளியாளு இல்லியாம், பெத்த அப்பனாம், மெய்யா?" என்று கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள், போனில் கேட்டால் நான் பாதியில் இருமிவிட்டு வைத்துவிடுவேன் என்று சொல்லி, நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பு, அதைப் படித்துவிட்டுத்தான் கல்யாணத்துக்கு எடுத்த டிக்கெட்டை வைத்திருப்பதா கேன்சல் செய்வதா என்று பார்ப்பேன் என்றாய். எனக்கு நிஜமாகவே இருமல் உண்டு என்பதை முதலில் தெரிவித்துக்கொள்கிறேன். கல்யாணம் நிற்கவில்லை என்பதை அடுத்தபடி தெரிவித்துக்கொள்கிறேன். நின்றது கோயிலில் பெயர் வாசிக்கிற கல்யாண ஓலைதான், அதுவும் ஒரே ஒரு ஞாயிறு.

விஷயம் கணக்கில் ஆரம்பித்தது. கிறிஸ்டினா டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள் என்று நீ அந்தமான் முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறாய். அது கணக்கு டாக்டர், ஊசி போடுகிற டாக்டர் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் உன் பக்கத்து வீட்டுக்காரர் தன் தோள்பட்டை எக்ஸ்ரேயை எனக்கு வாட்ஸப்பில் அனுப்பியிருக்க மாட்டார். அவள் படிப்பதற்குப் பெயர் கேட்டகரி தியரி. அவள் கட்டிக்கொள்ளப்போகிற ஜெரி, எண்ணூர் அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அலெக்ஸாண்டரின் மகன், படிப்பது செட் தியரி. பள்ளிக்கூடத்தில் கணம் என்று ஒரு பாடம் நடத்தினார்களே, வட்டம் போட்டு உள்ளே எண்களை எழுதுவோம், அதுதான் செட். அந்த வட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவன் கல்யாண வயது வரை படிக்க முடியும் என்று எனக்கு அப்போது தெரியாது.

ஜெரி முதல் தடவை வீட்டுக்கு வந்த அன்று வஞ்சிரம் வறுத்து, இறால் தொக்கு வைத்து, சாப்பிட்டு முடித்த பிறகு பேச்சுக்காகத்தான் கேட்டேன், தம்பி படிக்கிறது இன்னா என்று. கேட்காதே என்று சில்வியா கண்ணைக் காட்டினாள். நான் தண்ணீர் கேட்கிறாள் என்று நினைத்துச் சொம்பை நீட்டினேன். பையன் எழுந்து நேரே சமையலறைக்குள் போய் ஒரு காலி எவர்சில்வர் டப்பாவை எடுத்துவந்து, இதற்குள் ஒன்றும் இல்லை, இதுதான் சைபர் என்றான். சரி என்றேன். இன்னொரு டப்பாவுக்குள் ஒரு சைபரை வைத்து மூடி இது ஒன்று என்றான். சைபரும் ஒன்றும் உள்ளே இருக்கிற டப்பா இரண்டு, சைபரும் ஒன்றும் இரண்டும் உள்ளே இருக்கிற டப்பா மூன்று. கேட்க எளிதாக இருக்கிறது, வீட்டில் செய்துபார். ஒவ்வொரு எண்ணுக்கும் டப்பா இரண்டு மடங்காகிறது. மூன்று வருவதற்குள் அஞ்சறைப்பெட்டி வரைக்கும் போய்விட்டது. நான்குக்குப் பதினாறு டப்பா வேண்டும் என்றதும் அரிசி, உளுந்து, ரவை எல்லாவற்றையும் பேப்பர் விரித்து அதன்மேல் கொட்டிவிட்டு, கடைசியாக எல்லாவற்றையும் உள்ளே போட்டு மூடுவதற்கு எதிர்வீட்டு உமைமாவிடம் போய் பிரியாணி டேக்சாவைக் கேட்டு நான்தான் தூக்கி வந்தேன். எதற்கு என்று கேட்டார்கள். நான்கு செய்கிறோம் என்றேன். இத்தனையும் முடிந்து நான்கு என்பது ஹால் நடுவில் நின்றபோது, விரல்விட்டு எண்ணினால் ஆகாதா தம்பி என்று கேட்டேன். அதற்கு அவன், "வெரல்ல எண்ணுனா நாலு கீதுன்னு தெரியும் மாமா. நாலுன்னா இன்னான்னு தெரியாது" என்றான். அந்த ஒரு பேச்சில் எனக்குப் பையனைப் பிடித்துவிட்டது.

அப்போது கிறிஸ்டினா உள்ளே வந்தாள். ரவையைத் தாண்டி, உளுந்தைத் தாண்டி, டேக்சாவின் மூடியைத் தூக்கிப் பார்த்தாள். எல்லாவற்றையும் கலைத்து, ஒரு டப்பாவை இன்னொன்றுக்குள், அதை இன்னொன்றுக்குள் என்று வரிசையாக ஐந்தே டப்பாவில் அடைத்து, இதுவும் நான்குதான், அப்படியும் அடுக்கலாம் இப்படியும் அடுக்கலாம், இரண்டில் எது நிஜமான நான்கு என்று கேட்டாள். ஜெரிக்கு முகம் சுண்டிவிட்டது. டப்பாவைத் திறக்கவே வேண்டாம், எதிலிருந்து எதற்குப் போகிறது, எங்கிருந்து எது வருகிறது என்று அம்புக்குறி போட்டால் போதும், ஒரு பொருளை அதன் உறவுகளை வைத்தே முழுசாகத் தெரிந்துகொள்ளலாம், உள்ளே இருப்பதைக் கிளறுவது அநாகரிகம் என்றாள். அக்கா, துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்தவன் நான். கண்டெய்னரின் முத்திரையை உடைத்து உள்ளே இருக்கிற பெட்டிகளைக் கண்ணால் பார்த்து எண்ணி எழுதியதற்குத்தான் எனக்குச் சம்பளம், அந்தச் சம்பளத்தில்தான் இவள் அம்புக்குறி போடப் படித்தாள். அந்த நிமிடமே நான் மனதுக்குள் செட் தியரியில் சேர்ந்துவிட்டேன். வெளியே சொல்லவில்லை. சில்வியா இரண்டு தியரிக்குமே விரோதமாக இருந்தாள், ஏனென்றால் ரவையை அள்ளியது அவள்.

அன்றிலிருந்து ஓயாத சண்டை. வண்ணாரப்பேட்டைக்குப் புடவை எடுக்கப் போனோம். மணப்பெண்ணோடு நிற்கிற துணைப் பெண்களுக்காக ஒரே நிறம், ஒரே கரை, ஒரே விலையில் இரண்டு புடவையைக் கடைக்காரர் விரித்தார். இரண்டும் ஒன்றுதான் என்றாள் கிறிஸ்டினா. ஒன்றுபோல இருக்கிறது, ஆனால் இரண்டு என்றான் ஜெரி. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை எங்கே வைத்தாலும் ஒரு வித்தியாசமும் வராது என்றால் அது ஒன்றுதான் என்றாள் அவள். கடைக்காரர் நடுவில் புகுந்து, "ரெண்டும் ஒண்ணேதான்மா, ஆனா பில்லு ரெண்டுக்கும் போடுவேன்" என்றார். பார்த்தியா, இவர் எங்கள் கட்சி என்று ஜெரி குதித்தான். கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நான் மெட்ரோ ஸ்டேஷன் வரைக்கும் அவர்கள் யாரோ என்கிற மாதிரி நடந்துபோனேன்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். முதல் ஓலை வாசித்த ஞாயிறு மத்தியானம்தான் என்னால் முடியவில்லை. சில்வியா மொட்டை மாடியில் நெத்திலி காயவைத்துவிட்டு, காக்கா ஓட்ட என்னை அனுப்பியிருந்தாள். தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் இவர்கள் இருவரும். உன் செட் அத்தனையையும் மூட்டை கட்டி வந்தாலும் என் ஊரில் அது ஒரே ஒரு கேட்டகரி, அது மாதிரி என்னிடம் ஆயிரம் இருக்கிறது என்கிறாள் இவள். ஜெரி விடவில்லை. "அந்த ஆயிரமும் நிக்கிறதுக்கு எடம் குட்த்தது யாரு? எங்க செட் தியரிதான. அஸ்திவாரம் எங்களுது, நீங்கோ மேல வாடகைக்கு கீறீங்கோ." அதற்கு என் மகள், "அஸ்திவாரமே வாணாம்னு சொல்றேன். கப்பலுக்கு இன்னாத்துக்கு அஸ்திவாரம்?" என்றாள். அப்புறம் ஜெரி மெதுவாக, நமக்குள் அடிப்படையிலேயே ஒத்துவராது கிறிஸ்டி என்றான். ஆமாம், ஒத்துவராது என்றாள் இவள். காக்காவை மறந்து அங்கேயே நின்றுவிட்டேன். காலையில்தான் கோயிலில் அத்தனை பேர் முன்னால் இவர்கள் பெயரை வாசித்தார்கள். நெத்திலியில் பாதி காக்காவோடு போயிற்று, அதற்குச் சில்வியா பேசியது இந்தக் கடிதத்தில் எழுதத் தக்கதல்ல.

ஓலை என்றால் என்ன என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மூன்று ஞாயிறு பூசையில் பெயரை வாசித்து, இவர்கள் திருமணத்துக்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் பங்குத் தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று முடிப்பார்கள். எனக்கு நினைவு தெரிந்து யாரும் போய்த் தெரிவித்ததில்லை. ஆனால் நான் யார்? சரக்கு கேட் தாண்டுவதற்கு முன்னால் பெட்டியில் அடி பட்டிருப்பதைப் பார்த்தால் உடனே எழுதிக் கொடுத்துவிட வேண்டும், பார்த்தும் எழுதாமல் கையெழுத்துப் போட்டால் பின்னால் வருகிற பழி முழுக்க டாலி கிளார்க் தலையில். வேலையில் இருந்த காலம் முழுக்க எனக்கு வேறு வேதம் கிடையாது. என் ஒரே பெண், அக்கா. கல்யாணம் முடிந்து நாளைக்கு அவள் அழுதுகொண்டு வந்து நின்றால், மாடியில் காதால் கேட்டும் சும்மா இருந்தவன் நான் என்று ஆகாதா? சட்டையை மாட்டிக்கொண்டு நேரே சாமியார் பங்களாவுக்குப் போனேன்.

பங்குச் சாமியார் புதிதாக வந்தவர், சின்ன வயது. தடை என்று ஒருவர் வந்து நிற்பது அவருக்கும் முதல் தடவை போல. புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இரத்த உறவா, ஏற்கெனவே மணமானவரா, கட்டாயப்படுத்துகிறார்களா என்று வரிசையாகக் கேட்டார். இல்லை சாமி, அஸ்திவாரத்திலேயே ஒற்றுமை இல்லை, பையன் செட் தியரி, பொண்ணு கேட்டகரி தியரி என்றேன். பையன் என்ன நம்புகிறான் என்றார். ஒன்றுமில்லாததிலிருந்து எல்லாம் உண்டாயிற்று என்கிறான் என்றேன். அது நம் விசுவாசம்தானே என்றார். பெண் என்ன சொல்கிறாள் என்றார். தனியாக எதற்கும் அர்த்தம் இல்லை, எல்லாம் உறவுதான் என்கிறாள் என்றேன். சாமியார் இன்னும் கொஞ்சம் யோசித்து, அதுவும் நம் விசுவாசம்தானே, பிதா சுதன் பரிசுத்த ஆவி என்று சொல்வது வேறு எதை என்றார். அப்புறம் தடை எங்கே என்று கேட்டார். அதுதான் சாமி எனக்கும் புரியவில்லை, இரண்டும் சரியாக இருக்கிறது, சேர்ந்து இருக்க மாட்டேன் என்கிறது என்றேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, விசாரித்து முடிக்கும் வரை அடுத்த ஓலையை நிறுத்திவைக்கிறேன் என்றார்.

அடுத்த ஞாயிறு கிறிஸ்டினா பெயர் வரவில்லை. பூசை முடிவதற்குள் காசிமேடு வரைக்கும் செய்தி போய்விட்டது. பையனுக்கு ஏற்கெனவே ஒரு குடும்பம் இருக்கிறது என்று மீன் மார்க்கெட்டில் பேசிக்கொண்டார்களாம். உனக்கு எந்த வடிவில் வந்ததோ. சாயங்காலம் எண்ணூரிலிருந்து சம்பந்தி அலெக்ஸாண்டர் வந்தார். வழியெல்லாம் கண்டெய்னர் லாரி நெரிசல், பஸ்ஸில் அவ்வளவு நேரம் உட்கார்ந்து வந்தால் கோபம் ஆறியிருக்கும் என்று நினைத்தேன். அவர் ஒவ்வொரு சிக்னலிலும் சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறார். டர்பைன் பக்கத்திலேயே வேலை பார்த்த மனிதர், சாதாரணமாகப் பேசினாலே தெருக்கோடிக்குக் கேட்கும். வாசலில் நின்று, "எம்புள்ள கிட்ட இன்னாய்யா கொறைய கண்ட?" என்றார். மாடியிலும் எதிர்வீட்டிலும் ஆட்கள் வந்து நின்றார்கள். உள்ளே அழைத்து உட்காரவைத்து, டப்பாவிலிருந்து நெத்திலி வரை சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தானும் தன் சம்சாரமும் கல்யாணமான நாளிலிருந்து மீன் குழம்பில் மாங்காய் போடுவதா வேண்டாமா என்பதிலேயே ஒத்துப்போகவில்லை, இரண்டு சட்டி வைத்துக் குடும்பம் நடக்கவில்லையா என்று கேட்டார். கிறிஸ்டினாவோ அன்று முதல் என்னைப் பார்க்கிற பார்வையில் என்னைத் தகப்பன் என்ற கேட்டகரியிலிருந்தே எடுத்துவிட்டாள் என்று தெரிந்தது. எனக்கு அழுகை வந்தது. குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன், தண்ணீரை வீணாக்காதே என்று சில்வியா கதவைத் தட்டினாள்.

புதன்கிழமை சாமியார் எங்கள் எல்லோரையும் அழைத்தார். உங்கள் இருவருக்கும் அஸ்திவாரத்தில் வேற்றுமை இருப்பது உண்மையா என்று கேட்டார். ஆமாம் சாமி என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். அவர்கள் ஒத்துப்போய் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சாமியார் கொஞ்சம் பயந்துபோய், அப்படியானால் திருமணம் என்றால் நீ என்ன என்று நினைக்கிறாய் என்று கிறிஸ்டினாவைக் கேட்டார். அவள் என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துச் சொன்னாள்: "நான் அவன்கிட்ட போவேன், அவன் என்கிட்ட வருவான். போயிட்டு திரும்பி வந்தா நான் நானாவே இருக்கணும், அவனும் வந்துட்டு திரும்பிப் போனா அவனாவே இருக்கணும். எங்க கணக்குல அதுக்கு மேல ஒரு ஒத்துமை இல்ல சாமி."

அக்கா, எனக்குக் கணக்கு தெரியாது. ஆனால் அதைக் கேட்டதும் என் பெண் பிழைத்துக்கொள்வாள் என்று தோன்றியது, அவளை நினைத்துப் பெருமையாகவும் நான் செய்ததை நினைத்து வெட்கமாகவும் இருந்தது. அலெக்ஸாண்டர் கைக்குட்டையை எடுத்தார். சாமியார் ஜெரியைப் பார்த்தார். அவனும் அப்படியே சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். இவள் சொல்வது சரி, ஆனால் போவதற்கும் வருவதற்கும் முதலில் இரண்டு பேர் இருக்க வேண்டும் இல்லையா, அந்த இருப்புதான் அஸ்திவாரம் என்றான். அப்படி இருக்கிறவர்களையே அம்புக்குறியாக எழுதலாம் என்றாள் இவள். மறுபடி ஆரம்பித்துவிட்டது. சாமியார் காகிதத்தை மடித்து வைத்து, தடை இல்லை, வருகிற ஞாயிறு ஓலை வாசிக்கிறேன், இருவரும் வெளியே போய்ச் சண்டை போடுங்கள் என்றார்.

அத்தோடு விட்டிருந்தால் நான் உன் தம்பி இல்லை. நல்லபடி முடிந்ததை இன்னும் நல்லபடி முடிக்க வேண்டும் என்று, திரும்பும்போது ஜெரியை மட்டும் டீக்கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். நான் உங்கள் கட்சிதான் மாப்ள என்று இரகசியத்தையும் சொல்லிவிட்டு, ஜெயித்து என்ன செய்யப்போகிறீர்கள், அவள் சொல்வதே சரி என்று ஒரு வார்த்தை விட்டுக்கொடுத்தால் வீடு நிம்மதியாக இருக்குமே என்று கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். அவன் டீ ஆறும் வரை கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சரி மாமா, உங்களுக்காக என்றான். தங்கமான பிள்ளை. அன்று ராத்திரியே போன் செய்து, நீ சொன்னதுதான் சரி, இனிமேல் நானும் கேட்டகரி தியரி என்று அவளிடம் சொல்லிவிட்டானாம். அதிலிருந்து வீட்டில் சத்தமே இல்லை. கிறிஸ்டினா தன் அறையில் அமைதியாக உட்கார்ந்திருக்கிறாள். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை போலிருக்கிறது.

ஆகையால் அக்கா, டிக்கெட்டை மாற்றவும் வேண்டாம், கேன்சல் செய்யவும் வேண்டாம், எடுத்த தேதிக்கே மாமாவோடு நிதானமாகப் புறப்பட்டு வா. இங்கு சமாதானம் நிலவுகிறது, அதை ஏற்படுத்தியவன் உன் தம்பி என்பதை அங்கே எல்லோரிடமும் சொல்லவும். எக்ஸ்ரே அனுப்பியவருக்கு என் விசாரிப்பைத் தெரிவி, தோள் எப்படி இருக்கிறது என்று கேட்டதாகச் சொல். சகாய மாதா உங்கள் வீட்டையும் உங்களைச் சுற்றியிருக்கிற கடலையும் ஒருசேரக் காப்பாற்றட்டும்.

உன் பாசத்துக்கு என்றும் பயப்படுகிற தம்பி,
அம்புரோஸ்

பின்குறிப்பு: இன்று ஞாயிறு. பூசை முடிந்து வந்து எழுதுகிறேன், கடிதத்தை இன்னும் பெட்டியில் போடவில்லை. புது வேட்டி கட்டிக்கொண்டு முன் வரிசையில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். மற்றவர்கள் ஓலை எல்லாம் வாசித்துவிட்டு, கிறிஸ்டினா பெயர் இல்லாமலே சாமியார் உட்கார்ந்துவிட்டார். பூசை முடிந்து ஓடிப்போய்க் கேட்டேன். மறுபடியும் ஒரு தடை வந்திருக்கிறது, உங்கள் வீட்டிலிருந்தேதான், உங்கள் குடும்பத்தில் இது ஒரு வழக்கமா என்று கேட்டார். தடை சொன்னது கிறிஸ்டினா. பையன் எதற்கெடுத்தாலும் ஆமாம் என்கிறான் என்பதுதான் தடையாம். வீட்டுக்கு வந்து கேட்டால், "நான் எது சொன்னாலும் ஏன்னு கேப்பான் டாடி, அதுக்குத்தான அவன கட்டிக்க ஒத்துக்குனேன். இப்ப தலையாட்டிகினு உக்காந்துகீறானே, இவன் யாரு?" என்று தேம்பித் தேம்பி அழுகிறாள். பார்க்கச் சகிக்கவில்லை. எல்லாம் என்னால்தான். உடனே ஜெரிக்குப் போன் போட்டு, டீக்கடையில் சொன்னதெல்லாம் வாபஸ், தயவுசெய்து செட் தியரிக்குத் திரும்பி வந்துவிடுங்கள் மாப்ள என்று கெஞ்சினேன். அவன், உங்களுக்குக் கொடுத்த வாக்குக்காக உட்கார்ந்து படித்தேன் மாமா, படிக்கப் படிக்க அவள் சொல்வதில் ஒரு தப்பும் தெரியவில்லை என்கிறான். ஆகையால் மேலே எழுதிய எதையும் நம்பாதே. டிக்கெட்டை மாற்றி, கிடைக்கிற முதல் விமானத்தில் ஏறி நேரே எண்ணூருக்குப் போ. கணக்கு எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது, பரவாயில்லை. நீ செய்ய வேண்டியது ஒன்றுதான்: மாப்பிள்ளை எதிரில் உட்கார்ந்து, கேட்டகரி தியரிதான் சரி என்று அடித்துச் சொல். நீ சரி என்று சொன்ன எதையும் நம் குடும்பத்தில் இதுவரை ஒருவரும் ஒத்துக்கொண்டதில்லை.